மொட்டை வாளும் மனித மதிப்பும்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் கோடை பிறந்ததும் ஒருவகை விந்தையான போர் தொடங்கிவிடுகின்றது. அலுவலக எழுதுவினைஞர், பொறித் தொழிலாளர், தாதியர், ஆசிரியர், பல்கலைக்கழக மாணவர் எனப் பல தொழில் புரிவோர் வார இறுதிகளில் இரும்பு வளையச் சட்டையும் தலைக்கவசமும் பூண்டு புல்வெளிகளிலே அணிவகுக்கின்றனர். 1066ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாள் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஹேஸ்ரிங்ஸ் போரையும், 1410ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் போலந்தில் நிகழ்ந்த கிறன்வால்ட் போரையும் இன்று அவ்விடங்களிலேயே மீண்டும் நிகழ்த்திக் காட்டுகின்றனர். அவர்தம் கையிலுள்ள வாள் அட்டையினாலோ மரத்தினாலோ ஆனதன்று; உருக்கினாலானது. ஆனால் அதற்குக் கூர் இல்லை. நம் ஊர்ப் பேச்சிற் சொல்வதானால் அது மொட்டை வாள்.

இக்குழுக்களிற் புதிதாகச் சேரும் ஒருவன் முதலிற் கேட்கும் வினா, எந்த வாளை வாங்குவது என்பதே. கடைக்காரனிடம் கேட்கவேண்டிய வினாவாக அது முதற்பார்வைக்குத் தோன்றும். நீளம் எவ்வளவு, விலை எவ்வளவு, எந்த நூற்றாண்டின் அமைப்பு என்பனவற்றை அறிந்தாற் போதுமே என்று எண்ணுவோம். ஆயின் சற்று ஊன்றி நோக்கின், நாம் அன்றாடம் வாங்கும் பொருள்களிலிருந்து இவ்வாள் அடிப்படையில் வேறுபடுவதைக் காணலாம். சப்பாத்தை வாங்குவோன் தன் காலுக்கு வாங்குகின்றான். குடையை வாங்குவோன் தன் தலைக்கு வாங்குகின்றான். மொட்டை வாளை வாங்குவோனோ, தான் இன்னும் முகங்கண்டறியாத மற்றொருவனின் தோளையும் விரலையும் எண்ணி அதனை வாங்கவேண்டியவனாகின்றான். பிடி மட்டுமே அவனுக்குரியது. அலகு முழுவதும் எதிர் நிற்பவனைச் சேர்ந்தது. இக்காரணத்தினாலேயே அவனது தெரிவு ஒழுக்கவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது.

போரைப் புத்தகத்தில் மட்டும் அறிந்தவர்களின் பொழுதுபோக்கு இது என்று கூறி, இவ்விடயத்தையே ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். 2009ஆம் ஆண்டுவரை கால் நூற்றாண்டுக்கு மேலாக உண்மைப் போரின் வாயில் அகப்பட்டுக் கிடந்த நாடொன்றிலே அத்தகைய வெறுப்பு இயல்பானதே. அதனை நான் இலேசாகக் கருதவில்லை. எனினும் அவ்வாள் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பொருளை அறியாமலே அதன் அறத்தைப் பேசப் புகுவது நம் கட்டுரையாளர் பலரிடம் ஊறிப்போன பழக்கம்.

கூரான வாளொன்றை எடுத்து விளிம்பை அரத்தாற் தேய்த்துவிட்டால் மொட்டை வாள் கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் தேய்த்த வாள், எதிராளியின் வாளோடு இருமுறை மோதியதும் தன் உண்மை உருவத்தைக் காட்டிவிடும். மெல்லிய விளிம்பில் வெட்டுக் காயங்கள் விழும். அக்காயங்களின் ஓரத்திற் பிசிர் எழும். சிறிது நேரத்தில் வாள் ஒரு வாளரமாக மாறித் துணியையும் தோலையும் கிழிக்கும். ஆதலின் நல்ல மொட்டை வாளின் விளிம்பு உலையிலேயே தடிப்பாக அடிக்கப்படுகின்றது. இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பும், உருட்டித் தேய்த்த ஓரமும் வேண்டுமென்பது குழுக்கள் பலவற்றின் விதி. மூன்று மில்லிமீற்றர் கேட்போரும் உளர். நுனி ஒரு சிறு நாணயத்தின் வட்டவிளிம்புபோல் அமைதல் வேண்டும்.

இங்கே கொல்லனுக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. சினிமாப் படங்களைப் பார்த்துப் பழகிய நாம் பண்டைய வாள்கள் தூக்கமுடியாத பாரமுடையவை என்று நம்புகின்றோம். நூதனசாலைகளில் எஞ்சியுள்ள ஒருகை வாள்களை நிறுத்துப் பார்த்தவர்கள் அவற்றிற் பெரும்பாலானவை ஒரு கிலோ கிராமுக்குச் சற்று மேலே நிற்பதைக் கண்டுள்ளனர். விளிம்பைத் தடிப்பாக்கிவிட்டு ஏனையவற்றை இருந்தபடியே விட்டால் அந்நிறை ஏறிவிடும். பாரமான வாள் பகைவனுக்கு அஞ்சத்தக்கது என்பதைவிட, பிடித்திருப்பவனுக்கு அடங்காதது என்பதே உண்மை. அவன் அடியைத் தொடக்கிவிடுவான், நிறுத்தமாட்டான். எனவே கொல்லன் அலகை நுனி நோக்கி ஒடுக்குகின்றான். நடுவே நீண்ட பள்ளம் இழுக்கின்றான். பிடியின் முடிவிலுள்ள குமிழின் நிறையைக் கூட்டிச் சமநிலையைக் கையருகே கொண்டுவருகின்றான். கூரை எடுத்துவிடுவதற்கு, கூரை வைப்பதிலும் கூடிய அறிவு வேண்டியிருக்கின்றது! மழுக்கம் என்பது எளிய கழிவு வேலை என்று எண்ணுவோர் இதனை ஊன்றிப் பார்த்தல் நன்று.

உருக்கின் தன்மையும் இவ்வாறே. மோட்டார் வண்டிகளின் வில்லுக்குப் பயன்படும் இனத்து உருக்கே இதற்குச் சிறந்தது. அளவாகத் தோய்ச்சல் கொடுத்த அலகு வளைந்தால் நிமிரும். தோய்ச்சல் மிகுந்தால் முறியும். குறைந்தால் விளிம்பு நசுங்கிப் பிசிர் பெருகும். சுவரிலே தொங்கவிடுவதற்கெனத் துருப்பிடியா உருக்கிற் செய்து மலிவாக விற்கப்படும் வாள்கள் பெரும்பாலும் இந்த வேலைக்கு உதவா. அவற்றின் அலகு நொறுங்கும் இயல்புடையது. பிடிக்குள்ளே செல்லும் வாற்பகுதி பல வேளைகளில் ஒட்டவைத்த மெல்லிய கம்பியாக இருக்கும். மோதலின் நடுவே அது முறிந்தால் அரை முழ இரும்புத் துண்டு வேடிக்கை பார்க்கும் குழந்தையை நோக்கிப் பறக்கும். ஆனால் கடையிலே பளபளப்பது அந்த வாள்தான். பளபளப்பு வாங்குவோனின் கண்ணுக்கு விருந்து. விளிம்பின் தடிப்பும், பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பின் அகலமும் மற்றவனின் உடலுக்குக் காவல். வாங்குவோனுக்குத் தெரியாத பகுதியிலேதான் மற்றவனின் நலம் கிடக்கின்றது என்றால், இலாபத்துக்காகவே பண்டம் செய்யும் சந்தை எதனை முதலிற் குறைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவு கவனத்தோடு செய்த வாளும் கொல்ல வல்லதே என்பதை மறத்தலாகாது. கூர் இல்லாவிடினும் அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட உருக்குச் சட்டம், விரலை நசுக்கும், காறை எலும்பை முறிக்கும். ஆதலாற் குழுக்கள் தம் விதிகளை வாளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முகத்தை நோக்கிக் குத்துதல் விலக்கு. தலையும் கழுத்தும் பல குழுக்களில் விலக்கு. முழு வேகத்தோடு வரும் அடியை உடலைத் தொடும் கணத்திலே தானே தடுத்துக்கொள்ளப் புதியவன் பல மாதம் பழகவேண்டும். களத்தில் இறங்குமுன் பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு வாளின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். பிசிர் தட்டுப்பட்டால் அது எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய வாளாயினும் வெளியே வைக்கப்படும். அரத்தால் அதனைச் சீர்செய்தபின்னரே உள்ளே வரலாம்.

எமது கூத்துக்களில் அரசனும் மந்திரியும் ஏந்தும் மரவாளோடு இதனை ஒப்பிடலாம். கூத்தனின் வாள் பார்ப்போனுக்காகச் செய்யப்பட்டது. அதன் நிறையை எவரும் கேட்பதில்லை. ஆட்டத்துக்கும் தாளத்துக்கும் இசைந்தாற் போதும். மீள்நிகழ்த்துவோனின் வாளோ எதிர் நிற்பவனுக்காகச் செய்யப்படுகின்றது. அதன் நிறை உண்மை, நீளம் உண்மை, அது எழுப்பும் ஓசை உண்மை. கூர் ஒன்றே பொய். எதனை உண்மையாக வைத்துக்கொள்வது, எதனைப் பொய்யாக்குவது என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு மனிதன் மற்றொரு மனிதனை எவ்வாறு மதிக்கின்றான் என்பது வெளிப்பட்டுவிடுகின்றது.

மொட்டை வாள் இக்காலத்தவரின் கண்டுபிடிப்பு அன்று. மத்திய கால ஐரோப்பாவிற் பிரபுக்கள் தமக்குள் நடத்திய போர்ப்போட்டிகளிற் பலர் மாண்டனர். 1130ஆம் ஆண்டில் கிளெர்மொன் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கமும், 1139ஆம் ஆண்டில் இரண்டாம் இலாத்தரன் சங்கமும் அவற்றைக் கண்டித்துத் தடைசெய்தன. அவற்றிலே மாண்டவனுக்குத் திருச்சபை அடக்கம் இல்லையென்றன. அத்தடை 1316ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை ஏட்டில் இருந்தது, போட்டிகளும் நடந்துகொண்டேயிருந்தன. மதகுருவின் தடையாற் செய்யமுடியாததைக் கைவினைஞன் ஓரளவு செய்தான். 1278ஆம் ஆண்டில் வின்சர் பூங்காவில் முதலாம் எட்வேட் மன்னன் நடத்திய போட்டிக்கான கொள்வனவுக் கணக்கு இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. 38 வீரர்களுக்குக் காய்ச்சிப் பதப்படுத்திய தோலாற் கவசமும், திமிங்கில எலும்பும் தோல்தாளும் கொண்டு செய்து வெள்ளி பூசிய வாள்களும் அதில் இடம்பெறுகின்றன. 1292ஆம் ஆண்டளவில் அதே மன்னன் காலத்தில் எழுந்த ஆயுதச் சட்டம், போட்டிக் களத்திற் கூர்நுனி வாளையும் கூர்நுனிக் கத்தியையும் விலக்கியது. பார்க்க வருவோர் எந்த ஆயுதமும் ஏந்தலாகாது என்றது. இத்தகைய ஆயுதங்களை மரியாதை ஆயுதங்கள் என்று அக்காலத்துப் பிரபுக்கள் அழைத்தனர். பெயர் பொருத்தமானதே. 1559ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் பிரான்சிய மன்னன் இரண்டாம் ஹென்றி, போட்டிக்கெனச் செய்த ஈட்டியொன்று முறிந்து அதன் சிம்பு கண்ணருகே பாய்ந்ததாற் காயமுற்று, பத்து நாளில் இறந்தான். ஆனால் அது விபத்து, மரியாதை மீறப்படவில்லை.

அந்த மரியாதை யாருக்கு உரியதாயிருந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. இலண்டன் மதிற்புறத்தே ஸ்மித்பீல்ட் என்றொரு வெளி உண்டு. 1390ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சட் மன்னன் அங்கே பெரும் போட்டியொன்றை நடத்தினான். பார்வையாளர் மேடைகளை அமைக்கும் பொறுப்பு, அப்போது அரச கட்டட வேலைகளின் மேற்பார்வையாளராயிருந்த கவிஞர் சோசரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறநாட்டுப் பிரபுக்களும் அழைக்கப்பட்டனர். ஈட்டி முனைகள் மழுக்கப்பட்டன. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1381ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள், அதே வெளியில், அதே மன்னன் முன்னிலையில், தலைவரியையும் பண்ணையடிமை முறையையும் எதிர்த்தெழுந்த குடியானவர்களின் தலைவன் வொற் ரைலர் பேச்சுவார்த்தைக்கு வந்து நின்றான். இலண்டன் மேயர் வில்லியம் வோல்வேத் அவனை வெட்டி வீழ்த்தினான். பின்னர் அவன் தலை துண்டிக்கப்பட்டது. அந்த ஆயுதத்தின் கூரை எவரும் மழுக்கவில்லை. பிரபு பிரபுவை எதிர்த்தபோது ஈட்டிமுனைக்குக் காட்டிய அக்கறை, குடியானவன் கோரிக்கையோடு வந்தபோது காணாமற் போயிற்று. மழுக்கம் ஒரு வர்க்கம் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட சலுகையாக இருந்தது.

ஒல்லாந்து வரலாற்றாசிரியர் ஜொஹான் ஹுயிசிங்கா, விளையாடும் மனிதனைப் பற்றி 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை வேறொரு வழியாக அணுகினார். எதிரியைத் தனக்குச் சமனானவனாகக் கருதும் வரைக்குமே போர் விதிகளுக்கு உட்பட்டு நிற்கும். எதிரி மனிதனிலும் தாழ்ந்தவன், மதத் துரோகி, காட்டுமிராண்டி என்று கருதப்பட்ட மாத்திரத்தே விதிகள் சரிந்துவிடும் என்பது அவர் கருத்து. அவர் வெறுங் கற்பனையில் எழுதியவரல்லர். நாசிகள் 1942ஆம் ஆண்டில் அவரைப் பிணையாளியாகச் சிறைவைத்தனர். தம் நாடு விடுதலை பெறுவதைக் காணாமலே 1945 பெப்ரவரியில் அவர் இறந்தார்.

மொட்டை வாளைப் பிரபுக்களின் உடைமையாக மட்டும் காணுதலும் முழுமையாகாது. பதினாறாம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழி வழங்கிய நகரங்களின் வாட்பயிற்சிக் கூடங்களிற் கைவினைஞர் பலர் பயின்றனர். 1570ஆம் ஆண்டில் ஸ்ற்றாஸ்பேர்க் நகரில் வாட்கலை பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்ட யோவாகிம் மெயர் என்பார் தொழிலாற் கத்தி செய்பவர். அந்நூலின் மரச்செதுக்குப் படங்களிற் காணப்படும் பயிற்சி வாள் ஒடுங்கிய அலகுடையது. கைகாப்பை அடுத்து மட்டும் அகன்றிருப்பது. இன்று இறகு வாள் என்ற பெயரால் அதே அமைப்பு மீண்டும் செய்யப்படுகின்றது. குத்தும்போது வளைந்துகொடுப்பதால் அதனைச் சிறப்பாக மதிக்கின்றனர். பகல் முழுவதும் பட்டறையில் நின்றவன் மாலையில் அயற்பட்டறைக்காரனோடு மோதுகின்றான். மறுநாட் காலை இருவரும் தத்தம் தொழிலுக்குத் திரும்பவேண்டும். விரல் முறிந்தால் அடுப்பெரியாது. பிரபுவின் மரியாதையிலும் இந்த மரியாதைக்கு வேர் ஆழமாக ஓடியிருந்தது என்றே எனக்குப் படுகின்றது. இன்று புல்வெளியில் அணிவகுக்கும் எழுதுவினைஞனும் பொறித் தொழிலாளியும், உடையால் எந்தப் பிரபுவைப் போன்றிருந்தாலும், உண்மையில் இந்தக் கைவினைஞர்களின் வாரிசுகளே.

முன்னர் குறிப்பிட்ட வெறுப்புக்கு இனி வருவோம். போரைக் கண்டவன் போரை விளையாடுவானா? இங்கிலாந்திலே பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை மீள்நிகழ்த்தும் 'சீல்ட் நொற்' என்னும் பெருங் குழுவை 1968ஆம் ஆண்டில் நிறுவியவர் பிரிகேடியர் பீற்றர் யங். அவர் 1942ஆம் ஆண்டில் தியெப் தாக்குதலிலும் 1944ஆம் ஆண்டில் நோர்மண்டித் தரையிறக்கத்திலும் பங்குபற்றிய படைவீரர். ஆகவே போரைக் கண்டவன் விளையாடமாட்டான் என்பது பொது விதியாகாது. அதேவேளை அவர் வென்ற பக்கத்திலே நின்றவர் என்பதையும், அவர் விளையாடிய போர் முந்நூறு ஆண்டு பழமையானது என்பதையும் நாம் மறைத்தலாகாது. கல்லறைகள் புல்மூடிப் போனபின்னர் விளையாடுவது வேறு. காணாமற்போன மகனைத் தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஊரில் விளையாடுவது வேறு. நம் நாட்டிற் கடந்த போரை எவரேனும் இவ்வாறு நிகழ்த்திக்காட்டப் புறப்பட்டால் நான் அதனை எதிர்ப்பேன். வாள் எவ்வளவு மொட்டையாக இருப்பினும் எதிர்ப்பேன்.

ஆனால் எதிர்ப்பு வாளின் மேற் செல்லவேண்டியதில்லை. மழுக்கிய வாளினால் வரும் உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கின்றது. களத்திலே மாண்டவன், கொம்பு ஊதியதும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்கின்றான். பார்த்திருந்த சிறுவனுக்குப் போர் என்பது நிறமும் முரசும் மாண்டோர் எழுதலுமாகப் பதிந்துவிடுகின்றது. வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நண்பர்கள் இதனை நன்கறிவர். வெற்றி பெற்ற மன்னனின் பெயரைச் சொல்லும் மாணவன், அவ்வாண்டு எரிந்த வயல்களைப் பற்றிக் கேட்டால் விழிக்கின்றான். வாளோடு சேர்த்து வரலாற்றின் கூரும் தேய்க்கப்பட்டுவிட்டது. முன்னது பிறர்மேல் வைத்த அன்பினாற் செய்யப்படுவது. பின்னது பெரும்பாலும் நுழைவுச்சீட்டு விற்பனைக்காகச் செய்யப்படுவது.

முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைத் தவிர்க்க முடியுமா? 2001ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் நடந்த நிகழ்ச்சியொன்று முடியும் என்று காட்டுகின்றது. 1984ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் யோர்க்ஷயரில் ஓர்கிறீவ் என்னுமிடத்திற் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது குதிரைப் பொலிசார் தொழிலாளர்மேற் பாய்ந்தனர். 95 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 1985ஆம் ஆண்டில் அவ்வழக்குகள் நீதிமன்றத்தில் நொறுங்கின. ஜெரமி டெலர் என்ற கலைஞர் அம்மோதலை மீள்நிகழ்த்தினார். வாளும் கேடயமும் ஏந்திப் பழகிய மீள்நிகழ்த்துவோர் ஏறத்தாழ 800 பேர் அதில் இறங்கினர். அவர்களோடு அன்றைய மோதலைக் கண்டிருந்த முன்னாட் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேரும் இறங்கினர். அங்கே கொம்பு ஊதியதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பதினேழு ஆண்டுகளாக நியாயம் கிடைக்காதவர்கள் தம் கதையைத் தாமே நின்று சொன்னார்கள். எவருடைய உடலும் பலியாகாமல் அது சொல்லப்பட்டது. அங்கே அடக்கப்பட்டது கைகளின் வேகமே. கதையின் கூர் அப்படியே இருந்தது.

ஸ்மித்பீல்டின் யூன் 15ஐ யாரேனும் இதே முறையில் நிகழ்த்த முன்வரின், மேயராக நடிப்பவன் எத்தகைய வாளைத் தெரிவு செய்யவேண்டும்? விளிம்பு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் இருக்கட்டும். நுனி நாணயம்போல் வளைந்திருக்கட்டும். நிறை ஒரு கிலோவைச் சற்றே தாண்டட்டும். பொறுப்பாளரின் விரல் அதன் இருபுறமும் ஓடட்டும். வொற் ரைலராக வருபவன் அன்று மாலை தன் வீட்டுக்குப் போகவேண்டியவன். ஆனால் வீழ்ந்தபின் அவன் உடனே எழுந்துவிடலாகாது. அவன் மண்ணிற் கிடக்க, குடியானவர்களுக்கு மன்னன் வழங்கிய விடுதலைப் பத்திரங்கள் சில வாரங்களிலேயே செல்லாதவையாக்கப்பட்ட செய்தியையும் ஒருவர் உரத்த குரலில் வாசித்து முடிக்கவேண்டும்.